வெள்ளைக்கரு கலங்கலாக இருந்தால் குழந்தைக்கு முட்டை கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டில் ஆறு கோழிகள் வளர்க்கிறோம். இரண்டு வாரங்களாக முட்டையை உடைத்தால் வெள்ளைக்கரு பால் கலந்தது போலக் கலங்கலாகவும், சிலவற்றில் இளம்பச்சைச் சாயலுடனும் இருக்கிறது. ஒரு கோழியின் முட்டையில் மட்டும் தண்ணீர் போல ஓடிவிடுகிறது. நான்கு வயது மகளுக்கு அரைவேக்காட்டு முட்டைதான் பிடிக்கும். கொடுக்கலாமா?

பதில்: கலங்கலைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இட்டு ஓரிரு நாட்களே ஆன முட்டையின் வெள்ளைக்கருவில் கார்பன் டை ஆக்சைடு வாயு கரைந்திருக்கும். அதனால்தான் அது கலங்கலாகத் தெரிகிறது. நாட்கள் செல்லச் செல்ல அந்த வாயு ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே வெளியேறுவதால் வெள்ளைக்கரு தெளிந்துவிடும். ஆகவே, நீங்கள் கண்ட கலங்கல் முட்டை புதிது என்பதற்கான அடையாளமே. பல நாட்கள் வைத்திருந்த முட்டையை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றுவது இயல்பு.

வெள்ளைக்கரு முழுவதும் சீராகப் பரவியிருக்கும் இளம்பச்சை அல்லது மஞ்சள் சாயல், தீவனத்திலிருந்து வரும் ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினால் ஏற்படுவது. அதனால் தீங்கு இல்லை. ஆனால் பச்சை நிறம் ஒளிர்வது போலத் தெரிந்தாலோ, இளஞ்சிவப்பாக இருந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அந்த முட்டையை எறிந்துவிடுங்கள். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகினால் இப்படி ஆகலாம். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு தின்ற கோழியின் முட்டையும் சேமித்து வைத்திருக்கும்போது இளஞ்சிவப்பாக மாறுவது உண்டு. எது காரணம் என்று வீட்டில் பிரித்தறிய முடியாததால், அதைச் சமைக்காமல் இருப்பதே நல்லது.

தண்ணீர் போல ஓடும் வெள்ளைக்கருவைத்தான் சற்றுக் கவனிக்க வேண்டும். முட்டை பழையதாக இருந்தாலும், கோழிக்கு வயது கூடியிருந்தாலும், வெயில் கடுமையாக இருந்தாலும் வெள்ளைக்கரு நீர்த்துப்போகும். அதே கோழி தும்மினாலோ, ஓடு சுருக்கம் விழுந்தோ மெலிந்தோ இருந்தாலோ, முட்டையிடுவது குறைந்தாலோ, கோழிகளைத் தாக்கும் தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். அந்த வைரஸ் மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை. எனினும் மற்ற ஐந்து கோழிகளுக்கும் வேகமாகப் பரவும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாட்களுக்கு முட்டையை உண்ணக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது நிறம் அல்ல, அரைவேக்காடு என்ற சொல். சால்மொனெல்லா கிருமி, நோயின் அறிகுறியே இல்லாத கோழியின் கருவகத்திலிருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் சேர்ந்துவிடக்கூடும். அத்தகைய முட்டை பார்வைக்கும் மணத்துக்கும் சுவைக்கும் நல்ல முட்டையாகவே இருக்கும். வீட்டில் வளர்த்த கோழி என்பதால் இந்த ஆபத்து நீங்கிவிடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரிடம் இத்தொற்று கடுமையாகலாம். எனவே மகளுக்கு முட்டையை நிறுத்த வேண்டாம். வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் இரண்டுமே கெட்டியாகும் வரை வேகவைத்துக் கொடுங்கள். முட்டைகளை நாள்தோறும் எடுத்து, எச்சம் ஒட்டியவற்றை ஒதுக்கி, மற்றவற்றைக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த நீரில் கழுவி வைப்பது நல்லதல்ல. நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே இழுக்கப்படலாம். கோழியையோ முட்டையையோ தொட்ட பின் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் பழக்கப்படுத்துங்கள்.

இதுவரை உண்ட முட்டைகளால் அவளுக்கு எந்தத் தொல்லையும் இல்லையென்றால் பரிசோதனை எதுவும் தேவையில்லை. முட்டை உண்டு 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் காய்ச்சலுடன் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் வந்தால், உடனே உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கத் தொடங்குங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.