பாட்டு டீச்சர் ஆக என்ன படிப்பது?

கேள்வி: பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறேன். எட்டு வருடமாக வாய்ப்பாட்டு கற்கிறேன், வர்ணம் தாண்டி கீர்த்தனைகள் பாடிக்கொண்டிருக்கிறேன். மேடைக் கச்சேரியில் ஆசையில்லை, பாட்டு டீச்சர்தான் ஆக வேண்டும். அப்பா, "பி.காம் படி, பாட்டைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்" என்கிறார். பி.ஏ. இசை சேரலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சேருங்கள். பாட்டு சொல்லிக் கொடுப்பதுதான் வேலை என்று பதினேழு வயதில் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்கள் குறைவு, அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்களுக்குப் பக்கத்திலேயே திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, இந்தப் பக்கம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சென்னைக்குப் போக முடியுமென்றால் ராணி மேரிக் கல்லூரியும், அடையாறு பக்கம் இருக்கும் அரசு இசைக் கல்லூரியும், கலாக்ஷேத்ராவும் இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் ஒன்றை மட்டும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கிடைக்கப் போவது டிப்ளமாவா, பட்டமா? கேட்காமல் சேர்ந்துவிட்டு மூன்று வருடம் கழித்து, வேலைக்கு விண்ணப்பம் போடும்போது தவிக்கிறவர்கள் உண்டு.

எங்கே சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். வீட்டில் வகுப்பு எடுக்க யாரும் சர்டிபிகேட் கேட்கப் போவதில்லை. கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியர் ஆக இசையில் இளங்கலைப் பட்டம் வேண்டும். அரசுப் பள்ளி சிறப்பாசிரியர் வேலைக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஹையர் கிரேடும், அதற்கு மேல் டி.டி.சி. என்கிற தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் கேட்பது வழக்கம், அதனால் கல்லூரியில் படிக்கும்போதே அந்தத் தேர்வுகளையும் எழுதிவிடுங்கள். கல்லூரியில் சொல்லிக் கொடுப்பதென்றால் எம்.ஏ., அப்புறம் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. அப்பாவிடம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், "எனக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பயம் போகாது. அவர் கடைசிவரை சம்மதிக்காவிட்டால் பி.காம் சேர்ந்துகொண்டே தொழில்நுட்பத் தேர்வுகளை எழுதலாம், அதுவும் ஒரு வழிதான், ஆனால் என் ஓட்டு அதற்கில்லை.

சரி, இனி எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். இசைப் பட்டப்படிப்பில் 72 மேளம் என்கிற தாய் ராகங்கள், ராக லட்சணம், தாளம், இசை வரலாறு எல்லாம் ஒழுங்காக வரும், தனியாக உட்கார்ந்து படித்தால் இவ்வளவு ஒழுங்கு வராது. ஆனால் அடுத்தவர் குரலைக் கேட்கும் காது அங்கே தானாக வந்துவிடாது. நான் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய புதிதில் பக்கத்து வீட்டிலிருந்து பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். என் சுருதி ஐந்தரைக் கட்டை (ஆதார சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம்), சுருதிப் பெட்டியை அதிலேயே வைத்துவிட்டு மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை ஆரம்பித்தேன். முதல் சில மாதம் நன்றாகத்தான் பாடினான். அப்புறம் மேல் ஸட்ஜம், அதாவது உச்சத்தில் வரும் 'ஸ', வரும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும், தாடை மேலே தூக்கிக்கொள்ளும், குரல் இரண்டாகப் பிளந்து கீச்சென்று வரும். சாதகம் போதவில்லை என்று அவனைத் திட்டினேன். மூன்றே வாரம், வருவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு மகரக்கட்டு உடைந்துகொண்டிருந்தது, அதாவது பருவ வயதில் குரல் மாறிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைத்தபோது அவன் பாட்டையே விட்டிருந்தான். சுருதியை அவன் குரலுக்குத் தக்கபடி நன்றாக இறக்கி, மேல் ஸ்தாயியைக் கொஞ்ச நாள் தொடாமல், தினமும் பத்து நிமிடம் மெதுவாகப் பாட வைத்திருந்தால் போதும். இன்றைக்கும் அந்தப் பையனை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டை, ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று பொதுவாகச் சொல்வோம். குழந்தைகள் விஷயத்தில் ஒவ்வொரு குழந்தையையும் கீழ் பஞ்சமத்திலிருந்து மேலே பாட வைத்துக் கேட்டுத்தான் சுருதி வைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்க வேண்டும். பத்துக் குழந்தைகள் ஒன்றாக உட்காரும் வகுப்பில் இது கஷ்டம், அதனால்தான் பல இடங்களில் யாரும் கவனிப்பதில்லை.

அதனால் கல்லூரியில் சேர்ந்தாலும் இப்போதைய குருவை விட்டுவிடாதீர்கள். இந்த லீவில் அவரிடம் அனுமதி கேட்டு, சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஒரு ஓரமாகப் போய் உட்காருங்கள். பாடாதீர்கள். எந்தப் பிள்ளை எந்த ஸ்வரத்தில் மூச்சு விடுகிறது, யாருக்கு நிஷாதம் ('நி') சுருதியிலிருந்து இறங்கிப் போகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, சரிதானா என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறான், நன்றாகப் பாடுவான். குரல் சம்பந்தமான வேலை வேண்டும் என்கிறான், ஆனால் இசைக் கல்லூரி வேண்டாமாம். வேறு படிப்பு உண்டா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: உண்டு. பி.ஏ.எஸ்.எல்.பி. என்று பேச்சு, கேட்புத்திறன் பற்றிய பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நான்கு வருடம். மைசூரில் மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது, சென்னையில் ஸ்ரீராமச்சந்திராவிலும் உண்டு. குரல் கட்டிப்போன பாடகர்களும், நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட ஆசிரியர்களும் இந்தப் படிப்பு படித்தவர்களிடம்தான் பயிற்சிக்கு வருகிறார்கள். பாடத் தெரிந்த பையன் அங்கே உட்கார்ந்திருந்தால், வருகிறவர் சொல்லும் கஷ்டம் அவனுக்குச் சட்டென்று புரியும்.