பி.ஆர்க் முடித்தவர் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் முதுகலை படிக்கலாமா?

கேள்வி கேட்டவர் பி.ஆர்க் முடித்து இரண்டு வருடமாக வேலையில் இருக்கிறார். செடி கொடி என்றால் உயிராம். லேண்ட்ஸ்கேப்பில், அதாவது கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலத்தை வடிவமைக்கும் துறையில், மாஸ்டர்ஸ் செய்யலாமா, செய்தால் வேலை கிடைக்குமா என்கிறார்.

செடி கொடி பிடிக்கும் என்பது மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம். மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடமும் ஃபீஸும் மிச்சம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் படிப்பில் செடி வருவதற்கு முன்னால் மண் வரும், அதற்கும் முன்னால் தண்ணீர் வரும்.

நான் இந்தப் படிப்புக்குப் போன காரணமே தண்ணீர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கட்டடத்துக்கு சைட் பிளான் வரைந்தேன். கட்டடம், ரோடு, பார்க்கிங் எல்லாம் போட்டு முடித்ததும் மிச்சமிருந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து 'லேண்ட்ஸ்கேப்' என்று எழுதினேன். ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஐப்பசி மழையில் எலெக்ட்ரிகல் ரூமுக்குள் முழங்கால் தண்ணீர். நேரில் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது: நான் பச்சை அடித்த இடம்தான் பக்கத்து ஏரியின் கலிங்கிலிருந்து உபரி நீர் போகும் வழி. அதில் நாங்கள் மூன்றடி மண் கொட்டி மேடாக்கியிருந்தோம்.

அடுத்த வருடம் டெல்லிக்குப் படிக்கப் போனேன். முதல் செமஸ்டரில் ஒரு கிரேடிங் பயிற்சி, அதாவது தண்ணீர் வழியும்படி நிலத்தின் மட்டத்தை அமைக்கும் பயிற்சி, கொடுத்தார்கள். பார்க்கச் சின்னக் கணக்கு. கட்டட வாசலின் மட்டம் 100.45 மீட்டர், ரோட்டோரம் 99.85, இடையில் 30 மீட்டர் தூரம். 60 சென்டிமீட்டர் இறக்கம், அதாவது 50க்கு 1. நடக்கவும் சுகம், தண்ணீரும் வழிந்துவிடும். சுலபம் என்று நினைத்தேன். ஆனால் சரியாக நடுவில் ஒரு பழைய வேப்பமரம், அதன் அடி மட்டம் 100.50. என் சரிவின்படி அந்த இடம் 100.15 ஆக இருக்க வேண்டும். 35 சென்டிமீட்டர் வெட்டினால் வேர் போச்சு. சரி, மரத்துக்காகச் சுற்றிலும் உயர்த்தலாம் என்றால் தண்ணீர் வாசலுக்குத் திரும்புகிறது. மரத்தைத் தொடாமல், அதைச் சுற்றி இரண்டு பக்கமும் கான்டூரை (ஒரே மட்டத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோட்டை) வளைத்துத் தண்ணீரைப் பிரித்து அனுப்ப வேண்டும். டிரேசிங் ஷீட்டில் அழித்து அழித்து நாலாவது தடவைதான் வந்தது. பி.ஆர்க் ஐந்து வருடத்தில் ஒரு கோட்டுக்காக நான் இவ்வளவு யோசித்ததில்லை.

செடியும் உண்டு, பயப்படாதீர்கள். வாரம் ஒரு நாள் வெளியே கூட்டிப்போய் மரங்களின் தாவரவியல் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். டெல்லி ரிட்ஜ் காட்டில் நான் முதலில் அடையாளம் கண்டது நம்ம சீமைக்கருவேலம். அங்கே அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர். 'விலாயதி' என்றாலும் சீமை என்றுதான் அர்த்தம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியும் ஜனங்கள் அதை ஒரே மாதிரிதான் திட்டியிருக்கிறார்கள்! (இன்னொன்று: தமிழ்நாட்டிலிருந்து போகிற எல்லாரும் முதல் பிரசன்டேஷனில் ஐந்திணையைக் கொண்டுவந்து வைப்போம். நானும் வைத்தேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உன் சைட்டில் மண் என்ன மண்?" என்றார். பதில் இல்லை.)

இனி நடைமுறை. இந்தியாவில் பெரும்பாலும் பி.ஆர்க் கேட்பார்கள், படிப்பு இரண்டு வருடம். டெல்லி எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்), அகமதாபாத் செப்ட் பல்கலை, சென்னை அண்ணா பல்கலையின் எஸ்.ஏ.பி. (ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்) ஆகியவை பலரும் விண்ணப்பிக்கிற இடங்கள். கேட் (GATE) நுழைவுத் தேர்வில் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் பேப்பர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு சீட்டா பி.ஜி. (CEETA-PG) நுழைவுத் தேர்வும் உண்டு. பி.ஆர்க் படிக்காத தாவரவியல், வேளாண்மை ஆட்கள் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு அமெரிக்கா ஒரு வழி. அங்கே வேறு டிகிரி முடித்தவர்களுக்கென்றே பல பல்கலைகளில் மூன்று வருட எம்.எல்.ஏ. (மாஸ்டர் ஆஃப் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) இருக்கிறது. செலவு பெரிது, கடன் வாங்கிப் போவதாக இருந்தால் ஒன்றுக்கு நாலு முறை கணக்குப் போடுங்கள். அங்கே தொழில் செய்ய லைசென்ஸ் தேர்வு தனி. இங்கே அப்படி ஒன்று இல்லை. ஆர்க்கிடெக்ட் பதிவுதான் சட்டப்படி உண்டு, லேண்ட்ஸ்கேப்புக்கென்று தனிப்பதிவு கிடையாது.

வேலை கிடைக்கும். சென்னை, பெங்களூரு ஆபீஸ்களில் ஆள் தேவை இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் முதல் சில வருடம் எந்த வேலை என்று தெரிந்துகொண்டு வாருங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை மீட்பது மாதிரி ஒன்றைத் தீசிஸாகச் செய்துவிட்டு வந்து, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் பார்க்கிங்கின் கூரைமேல் தோட்டம் போடுவீர்கள். பில்டருக்கு பனை மாதிரி நிற்கிற ஃபாக்ஸ்டெயில் பாம் வரிசையும் கொரியன் கிராஸும் வேண்டும், அதுவும் கிருஹப்பிரவேசத்துக்கு முன்னால். ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்து இறங்கும். நீங்கள் புன்னை, பூவரசு என்று ஆரம்பித்தால், "சார், இலை கொட்டும்" என்பார்கள். ஒரு மரத்துக்கு ஒரு மீட்டர் ஆழம் மண் கேட்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சண்டைக்கு வருவார். அவர் பக்கமும் நியாயம் உண்டு: நனைந்த மண் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட இரண்டு டன். முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து, மரத்தைத் தூணுக்கு நேர் மேலே கொண்டுபோய் வைத்தால் பாதிச் சண்டை தீரும். இதை எந்த செமஸ்டரிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சம்பளமா? படித்துவிட்டு வந்ததும் எனக்குப் பெரிதாக ஏறவில்லை. மூன்று நாலு வருடம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது. கூடப் படித்தவர்களில் சிலர் ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளில் பாடம் எடுக்கப் போனார்கள், அதற்கும் இந்த டிகிரி உதவும்.

போர்ட்ஃபோலியோ பற்றி ஒரே ஒரு விஷயம். பளபளவென்று ரெண்டர் செய்த வில்லாக்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் அந்த எலெக்ட்ரிகல் ரூம் போட்டோவை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டு, பக்கத்தில் நான் பச்சை அடித்த சைட் பிளானையும் வைத்தேன். இன்டர்வியூவில் இருபது நிமிடம் உட்கார வைத்தார்கள். அதில் முக்கால்வாசி நேரம் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டவே இல்லை.