தாத்தாவின் சவரக் கத்தி: மிரட்டி வாங்க வருபவரிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: தாத்தாவின் மடக்குச் சவரக் கத்தி என் பங்குக்கு வந்திருக்கிறது. அலகின் அடியில் 'சோலிங்கன்' (கத்திகளுக்குப் பெயர்போன ஜெர்மன் நகரம்) என்று பொறித்திருக்கிறது. கைப்பிடி வெளிர்மஞ்சள்; அலகில் துரு. பழம்பொருள் வாங்கும் ஒருவர், "இது தந்தம், வைத்திருப்பதே குற்றம், 50 வெள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். என்ன செய்வது? - வாசகர், யீஷூன்

பதில்: கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் தடைசெய்யப்பட்டிருப்பது யானைத் தந்தத்தை விற்பதும் விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதும்தான். குடும்பச் சொத்தாக வந்ததை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. அது உண்மையிலேயே தந்தம் என்றால், அந்த 50 வெள்ளியை வாங்கும் நொடியில் விற்றவர் நீங்கள்! சட்டத்தைக் காட்டி மிரட்டுபவரே உங்களைச் சட்டத்தில் மாட்டிவிடுகிறார். இத்தகைய குடும்பங்களுக்கென்று எளிய தமிழில் ஒரு பக்க விளக்கம் அச்சடித்துக் கொடுத்தால் போதும், இந்தத் தரகர்களுக்கு வேலையே இருக்காது.

அது தந்தமா என்பதையே முதலில் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சிறு கரும்புள்ளிகளும் கீறல்களும் தெரிந்தால் எலும்பு. கோடுகள் ஒரே இடைவெளியில் நேராக ஓடினால் பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக். ஒழுங்கில்லாமல் மெல்ல நெளியும் ரேகை என்றால் தந்தமாக இருக்கலாம். அப்படியானால் ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை விடுங்கள். எல்லை தாண்ட அனுமதி வேண்டும், தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யவே கூடாது. செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும்.

செல்லுலாய்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது நாள்பட்டுச் சிதையும்போது அமில ஆவி விடும். அந்த ஆவி அலகை அரிக்கும். கைப்பிடிக்குள் மடங்கும் பகுதியில் மட்டும் புதுத் துரு, நெடி, மயிரிழை வெடிப்புகள் இருந்தால் அதுதான் காரணம். எவ்வளவு துடைத்தாலும் துரு திரும்ப வரும். அலகைக் கழற்றித் தனியே வையுங்கள். கைப்பிடியை மூடிய டப்பாவில் அடைக்காதீர்கள், அடுப்பருகிலும் வைக்காதீர்கள்.

அடுத்த பொறி, "பளபளப்பாக்கித் தருகிறேன்" என்பவர். சுழலும் மெருகுச் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு கணத்தில் சூடேறும். நீலம் பாய்ந்தால் எஃகின் கடினம் போய்விட்டது, கூர் நிற்காது. பொறித்த எழுத்தும் தேயும், விலையும் இறங்கும். கத்தரிக்கோல் சாணை பிடிப்பவரிடமும் கொடுக்காதீர்கள்.

நீங்களே செய்யலாம். செந்துருவின் மேல் எண்ணெய் தடவி ஊறவிட்டு, உலோக மெருகுப் பசையால் முதுகிலிருந்து விளிம்பு நோக்கி மட்டும் துடையுங்கள். கருநிறப் படலத்தை விட்டுவிடுங்கள், அது கேடில்லை. விளிம்பிலேயே துருக்குழி அல்லது விரிசல் இருந்தால் சவரத்துக்கு வேண்டாம், நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு நன்றாக இருந்தால் 1000 எண் சாணைக்கல்லில் தீட்டுங்கள், பிறகு அதைவிட நுண்மையான 4000, 8000 எண் கற்களில். முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகைத் தூக்கினால் கோணம் கெடும். கல்லில் விளிம்பு முன்னே செல்லும். அதன்பின் கூரை மெருகேற்றும் தோல்வாரில் முதுகு முன்னே, 50 முறை. மாற்றினால் தோல்வார் கிழியும்.

நம் ஊர் ஈரக்காற்றில் குளியலறையும் தோலுறையும் ஆகாது. தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசுபிசுக்கும். கனிம எண்ணெயை மெல்லத் தடவி, சிலிக்கா ஜெல் பையோடு அலமாரியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள்.