அனிமோன் நிலையாக உட்காரவில்லை என்றால்

வணக்கம். கடல்நீர் மீன் தொட்டி தொடங்கி ஐந்து வாரம், பபிள் டிப் அனிமோன் (பாறையில் பாதத்தால் ஒட்டி வாழும், பூப்போன்ற கடல் உயிரி) தினமும் இடம் மாறுகிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, நைட்ரேட் (கழிவிலிருந்து நீரில் சேர்வது) லிட்டருக்கு 30 மில்லிகிராம், பாறையில் பசை போட்டு ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டவே ஒட்டாதீர்கள், பிடுங்கி நட்டும் வைக்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது கடினம்.

உண்மையில் இதை வாங்கத் தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுவதே நல்லது. இல்லையென்றால், இன்றைக்கே அலைப் பம்பின் உறிஞ்சும் வாயைப் பஞ்சாலோ வலையாலோ மூடுங்கள். நகரும் அனிமோன் அதில் சிக்கினால் கூழாகிவிடும். அந்தத் தண்ணீரில் மீன்களும் தப்புவது சந்தேகம்.

உப்படர்த்தி 1.025–1.026, வெப்பம் 25–26 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். இந்த அளவுகள் எவ்வளவு என்பதைவிட அவை ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். ஆவியாகிப் போன நீருக்குப் பதில் ஆர்.ஓ. நன்னீரைத் தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். உப்பு நீரை ஊற்றினால் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். நைட்ரேட் குறைய வாரம் 15 சதவீதம் நீர் மாற்றினால் போதும், ஒரேயடியாகப் பாதியை மாற்றாதீர்கள்.

அனிமோன் அவ்வப்போது சுருங்கிப் பழுப்பாக எதையோ கக்குவது கழிவுதான், பயப்பட வேண்டாம். வாய் இறுகிய பிறகு வாரம் ஒருமுறை பட்டாணி அளவு இறால் துண்டு கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் துப்பிவிடும்; அது அழுகி நைட்ரேட் இன்னும் ஏறும்.

வாய் பிளந்து, உள்ளிருப்பது வெளியே தள்ளி, கொழகொழத்து நாற்றமடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். விடியும்வரை காத்திருக்காதீர்கள்.