கத்தோலிக்கக் குருவானவர் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேரலாமா?

கூடாது. ரகசியச் சடங்குகள் கொண்ட இந்தச் சகோதரத்துவச் சங்கத்தின் மீது 1738-இல் திருத்தந்தை 12-ஆம் கிளமெண்ட் விதித்த தடை இன்றும் நீடிக்கிறது. உறுப்பினர்கள் செய்துகொள்ளும் ரகசியச் சத்தியம் அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று.

ஆனால் நடைமுறை வேறாகவும் இருந்தது. பிரான்சில் பாரிஸ் பார்லமெண்ட் (அக்கால உயர் நீதிமன்றம்) அந்த ஆணையைப் பதிவு செய்யவே இல்லை. அதனால் அங்கே அதற்குச் சட்ட வலு கிடைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் குருக்களும் துறவிகளும் லாட்ஜ்களில் (ஃப்ரீமேசன் கிளைகளில்) உறுப்பினராக இருந்தார்கள். இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

அப்புறம், 1983-இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் ஃப்ரீமேசன் என்ற பெயர் இல்லை. தடை நீங்கிவிட்டது என்று சிலர் எண்ணினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட்) கையொப்பமிட்ட அறிக்கை தெளிவாக்கியது: சேர்வது பெரும் பாவம், சேர்ந்தவர் நற்கருணை வாங்கக் கூடாது. 2023-இலும் வத்திக்கான் இதையே உறுதிசெய்தது.