படிவத்தால் பதவி உயர்வா?

கேள்வி: பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மாணவரிடம் கருத்துப் படிவம் வாங்குகிறார்கள். மீளாய்வுக் குழுவும் வந்து போகிறது. விரிவுரை மட்டும் மாறுவதில்லை. மாணவர் போடும் புள்ளியைப் பதவி உயர்வோடு கட்டிவிட்டால் எல்லோரும் ஒழுங்காகப் படிப்பிப்பார்கள்தானே?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: மாட்டார்கள். வினாத்தாளை இலகுவாக்குவார்கள், கடைசி வாரத்தில் 'இதுதான் வரும்' என்று குறிப்புக் கொடுப்பார்கள். புள்ளி ஏறும், படிப்பு ஏறாது. படிவப் புள்ளிக்கும் மாணவர் உண்மையில் கற்றதற்கும் தொடர்பு உண்டா என்று முந்தைய ஆய்வுகளைச் சேர்த்து அலசிய தொகுப்பாய்வு ஒன்று 2017இல் வந்தது. தொடர்பு இல்லை என்பதே அதன் முடிவு. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஒன்லைன் வகுப்பில் ஒரே ஆசிரியர் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் தோன்றினார். பெண் பெயருக்குப் புள்ளி குறைந்தது. ஒப்படைகளை ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்தும், சுணங்காமல் தருகிறாரா என்ற கேள்வியில்கூடக் குறைந்தது. இதை வைத்தா ஒருவரைச் சிரேஷ்ட விரிவுரையாளர் ஆக்குவதும் ஆக்காமல் விடுவதும்?

கணக்கும் இடிக்கிறது. எண்பது பேர் படிக்கும் வகுப்பில் பன்னிரண்டு பேர் படிவம் நிரப்பினார்கள் என்று வையுங்கள். ஒரே ஒரு மாணவர் கோபத்தில் 5க்குப் பதில் 1 போட்டால் சராசரி 0.33 இறங்கும். 4.1 வாங்கியவரை 4.3 வாங்கியவரோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாததல்ல. தசமம் போட்டால் விஞ்ஞானம் போலத் தெரியும், அவ்வளவுதான். சராசரியை விட்டுவிட்டு எத்தனை பேர் 1 போட்டார்கள், எத்தனை பேர் 5 போட்டார்கள் என்று அப்படியே காட்டினாலே போதும்.

செமஸ்டர் முடிவில் கேட்பதுதான் முதல் பிழை. பதினைந்து வாரமும் முடிந்த பிறகு எழுதுகிறவருக்கு அதனால் என்ன பயன்? ஐந்தாம் வாரத்தில் கேட்க வேண்டும். பத்து நிமிடம், மூன்று கேள்விகள்: எந்த இடத்தில் விளங்காமல் போனது, எது விளங்க உதவியது, வகுப்புக்கு வெளியே இந்தப் பாடத்துக்கு வாரம் எத்தனை மணித்தியாலம் செலவாகிறது.

மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டங்களின் தரத்தையும் அளவையும் வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150. விரிவுரை 45 போனால் மிச்சம் 105. வாரத்துக்கு ஏழு மணித்தியாலம் மாணவர் தானாகப் படிக்க வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் 'ஒரு மணித்தியாலம்' என்று எழுதினால், கொடுத்ததை வாசிக்காமலே பாஸ் பண்ண முடிகிறது என்று அர்த்தம். பிறகு விரிவுரையாளரின் குரல் கேட்கிறதா, சிலைட் தெளிவா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். பாடத்தின் கற்றல் விளைவுகளை, அதாவது படித்து முடித்தவர் எதைச் செய்யக்கூடியவராக இருப்பார் என்பவற்றை, ஒரு நிரலிலும், ஒவ்வொன்றுக்கும் வினாத்தாளில் போன புள்ளியை மறு நிரலிலும் எழுதினால் ஒரு மணித்தியாலத்தில் சாயம் வெளுத்துவிடும். பாடத்திட்டத்தில் 'பகுப்பாய்வு செய்வார்' என்றிருக்கும்; வினாத்தாளில் 'வரைவிலக்கணம் தருக', 'பட்டியலிடுக' என்பவற்றுக்கே நூற்றுக்கு எழுபது போயிருக்கும்.

திருத்துவதிலும் இதே கதை. முதல் பரீட்சகரின் புள்ளி விடைத்தாள் ஓரத்தில் சிவப்பு மையில் கிடக்க, இரண்டாம் பரீட்சகர் அதே விடைத்தாளைத் திருத்தினால் வருவது கையொப்பம் மட்டுமே. முதலாமவர் புள்ளியைத் தனித்தாளில் எழுதட்டும். திருத்தத் தொடங்குமுன் இருவரும் ஒரே ஆறு விடைத்தாள்களைத் தனித்தனியே திருத்தி, எங்கே பிரிகிறார்கள் என்று பேசிக்கொள்ளட்டும்.

படிவத்தின் மொழியை யாரும் கவனிப்பதில்லை. உயர்தரம்வரை தமிழில் படித்து ஆங்கில மொழிமூல வகுப்புக்கு வந்த பிள்ளை, ஆங்கிலப் படிவத்தில் வட்டத்தை நிரப்பிவிட்டுக் கருத்துப் பகுதியை வெறுமையாக விடும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம் என்று படிவத்திலேயே அச்சிட வேண்டும். ஆனால் வகுப்பில் தமிழ் மாணவர் ஐந்து பேர் என்றால், தமிழில் எழுதியவர் யாரென்று விரிவுரையாளர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே படிவத்தை வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் சேகரித்து, மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்த சுருக்கத்தை மட்டுமே விரிவுரையாளரிடம் கொடுக்க வேண்டும். ஆறாம் வாரத்தில் அவர் வகுப்பில் ஐந்து நிமிடம் எடுத்து, எதை மாற்றப் போகிறார், எதை மாற்ற மாட்டார், ஏன் என்று சொல்ல வேண்டும். அது நடக்காத வகுப்பில் அடுத்த படிவத்தை யாரும் மனம்வைத்து நிரப்ப மாட்டார்கள்.

மீளாய்வைப் பற்றிக் கேட்டீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டுக் கையேடு பட்டப் பாடநெறிகளை எட்டு அளவுகோல்களால் பார்க்கிறது. அளவுகோலுக்குள் வரும் ஒவ்வொரு நியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. கையேட்டைக் குறைசொல்ல அதிகமில்லை. குழு வரும் திகதி தெரிந்த பிறகு கோப்புச் சேர்க்கத் தொடங்குவதுதான் வியாதி. துறைக் கூட்ட அறிக்கையில் என்ன குறை, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் என்ற மூன்று நிரல்கள் இருந்து, அடுத்த கூட்டம் அதிலிருந்தே தொடங்கினால் சான்று தானாகச் சேரும்.

பதவி உயர்வுக்கு எதையாவது கேட்டே ஆகவேண்டுமென்றால் இரண்டு வருட வினாத்தாள்கள், ஐந்தாம் வாரச் சுருக்கங்கள், அவற்றால் பாடத்தில் மாற்றியவை, வகுப்பில் இருந்து கவனித்த சக விரிவுரையாளர் ஒருவரின் குறிப்பு, இவ்வளவையும் கேளுங்கள். வாசிக்க ஒரு விண்ணப்பத்துக்கு அரை மணித்தியாலமாவது ஆகும். அந்த நேரத்தை ஒதுக்க மனமில்லாத தெரிவுக் குழுவிடம் மாணவர் படிவத்தைக் கொடுக்கவே வேண்டாம்.