சோந்த் எல்லாம் புரோப் அல்ல

அண்ணாச்சி, பிரான்ஸிலிருந்து நன்கொடையாக வந்த ஆஸ்பத்திரிச் சாமான்களுக்கு ஆங்கிலத்தில் பட்டியல் போடுகிறேன். பாதிப் பெட்டிகளில் 'சோந்த்' என்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'புரோப்' என்று எழுதிவிடலாமா?
- பாளையங்கோட்டை வாசகர்

எழுதிவிடாதீர்கள் தம்பி. புதுசில் நானும் அப்படித்தான் எழுதினேன். வார்டு சிஸ்டர் போன் போட்டு, "மூத்திரம் போக புரோபா சார்?" என்று கேட்டார். சோந்துக்குப் பின்னால் வரும் சொல்தான் முக்கியம். 'யூரினேர்' என்று வந்தால் யூரின் கேதட்டர், அதாவது மூத்திரம் வெளியேறச் செருகும் குழாய். 'நாசோகாஸ்த்ரிக்' என்றால் மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப். 'தெக்கோகிராஃபி' என்று வந்தால்தான் புரோப், அதாவது ஜெல் தடவி வயிற்றின் மேல் உருட்டுவது. பின்னால் ஒன்றுமே இல்லையா? பெட்டியைப் பிரித்துச் சாமானைப் பாருங்கள். அகராதியைவிட அது நல்ல வழி.

கேதட்டர் உறையில் '18 சி.எச்.' என்று இருக்கிறதே, அது என்ன?
- அம்பாசமுத்திரம் வாசகர்

ஷாரியேர். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்தவரின் பெயர். எண்ணை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 18 என்றால் 6 மி.மீ. இதே அளவை ஆங்கிலத்தில் 'பிரெஞ்ச்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை! எண்ணை மாற்றாமல் 18 பிரெஞ்ச் என்றே எழுதுங்கள்.

'அரிக்கோ' என்று ஒரு பெட்டி. அகராதி பீன்ஸ் என்கிறது.
- வள்ளியூர் வாசகர்

கிட்னி டிரே, வார்டில் வைத்திருக்கும் வளைந்த தட்டு. அதன் வடிவம் அவர்களுக்கு அவரைக்காய், ஆங்கிலத்துக்குச் சிறுநீரகம். அதே கூட்டத்தில் 'பிஸ்தொலே' வந்தால் துப்பாக்கி என்று பதற வேண்டாம், ஆண்கள் படுக்கையிலேயே மூத்திரம் போகும் யூரினல் பாட்டில்.

பாரிஸில் இருக்கும் மகன் அனுப்பிய ரிப்போர்ட்டில் 'ஸ்கேனேர்' எடுத்ததாக இருக்கிறது. எந்த ஸ்கேன்?
- தென்காசி வாசகி

சி.டி. ஸ்கேன், அம்மா. நம்மூரில் ஸ்கேன் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். அது அங்கே எக்கோகிராஃபி. எம்.ஆர்.ஐ.யை எழுத்து மாற்றி ஐ.ஆர்.எம். என்பார்கள். 'பெர்ஃப்யூசியோன்' என்று இருந்தால் டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். 'ஆன்ஃப்யூசியோன்' என்பதை டிரிப்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் மூலிகை டீ.

எண்களை அப்படியே எழுதிக்கொள்ளலாம்தானே?
- பாளையங்கோட்டை வாசகர், மறுபடியும்

கமாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சலைன் பாட்டிலில் 0,9 என்று இருந்தால் 0.9 சதவீதம். 1,250 என்பது அவர்களுக்கு ஒன்றேகால், நமக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது.